கிணற்றைக் கேட்டு விதையுங்கள்: தை, மாசிக் காய்கறிக்கு ஒரு கணக்கு

தைப்பட்டத்தில் எத்தனை சென்டுக்குக் காய்கறி வைக்கலாம் என்பதைத் தை மாதக் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வாங்கிய கிணறு பொங்கலுக்கு நிறைந்து நிற்கும். எட்டிப் பார்த்தாலே ஒரு ஏக்கர் நட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். அந்தத் தண்ணீரில் நாற்றுதான் வளர்க்கப்போகிறீர்கள். காய் பிடிக்கிற பங்குனியிலும் சித்திரையிலும் கிணறு என்ன கொடுக்குமோ, அதுதான் உங்கள் நிலத்தின் உண்மையான அளவு.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். செம்மண் காடு, ஒரு கிணறு, வரப்போரம் தென்னை. இரண்டு ஏக்கர் இருந்தாலும் கோடையில் நான் காய்கறி வைப்பது அரை ஏக்கர்தான். மீதியைச் சும்மா போட மனசு வராது, ஆனால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கணக்கு சுலபம். ஒரு 200 லிட்டர் டிரம்மை மோட்டார் குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 50 விநாடி ஆனால் மணிக்கு 72 டிரம், அதாவது 14,400 லிட்டர். அடுத்து, போன சித்திரையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடி காற்று இழுத்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நினைவில்லை என்றால் வீட்டில் தண்ணீர் கட்டுகிறவரைக் கேளுங்கள், அவருக்கு நன்றாகத் தெரியும். வளர்ந்த காய்கறிச் செடிக்குச் சித்திரை வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர். ஆக, சென்டுக்கு 200 லிட்டர், சரியாக ஒரு டிரம். சித்திரையில் ஒரு மணி நேரம்தான் மோட்டார் ஓடும் என்றால் 72 டிரம். தென்னைக்கும் மாட்டுக்கும் இருபது டிரம் போய்விட்டால் மிஞ்சுவது 52 டிரம், 50 சென்ட். இது சொட்டுநீருக்கான கணக்கு. வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள் பரப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டுநீர் இன்னும் போடாதவர்கள் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்க வேண்டியிருக்கும். அதற்கே நாள் ஆகும் என்பதால், தையில் நட வேண்டுமானால் ஆடியிலேயே அலைய ஆரம்பிக்க வேண்டும்.

பொங்கலிலிருந்து விஷு வரை

பரப்பு முடிவானபின் தேதி. தேதியை முன்னாலிருந்து எண்ணாதீர்கள், விற்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வருகிற காய் பெரும்பங்கு கேரளாவுக்குப் போகிறது. அங்கே சித்திரை விஷுவுக்குக் காய் தேவை கூடும். பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து விஷு வரை எண்ணினால் ஏறக்குறைய 90 நாள். இந்த 90 நாளைத்தான் நான் ஸ்கேலாக வைத்துக்கொள்கிறேன்.

தக்காளிக்கு நாற்று 25 நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள். பொங்கலை ஒட்டி நாற்றுத் தட்டில் விதை விழுந்தால் விஷுவுக்குப் பழம். கத்தரிக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு: நாற்று 30 முதல் 35 நாள், நட்ட பிறகு 55, 60 நாள். பச்சை மிளகாய் சோம்பேறி. நாற்றே 40 நாளுக்கு மேல், நட்டபின் 75 நாள், எனவே அதன் விதை மார்கழியிலேயே விழ வேண்டும். புடலை விதைத்து 70, 80 நாளில் வரும், தை பாதியில் குழியில் ஊன்றலாம். வெண்டை 45 நாள், மாசி பாதி வரை அவசரமே இல்லை. கீரை 25 நாள், எப்போது வேண்டுமானாலும்.

எல்லோரும் விஷுவையே குறிவைத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தக்காளியில் அதுதான் நடக்கும். பங்குனியில் நாலா பக்கமும் தக்காளி வந்து குவியும். அதனால் தக்காளியை அரை ஏக்கரில் 15 சென்டுக்கு மேல் நான் விடுவதில்லை. கத்தரி 10, வெண்டை 10, பந்தலில் புடலையும் பாகலும் 10, மிளகாய் 3, கீரை 2. ஒன்று விலை விழுந்தாலும் இன்னொன்று அந்த வாரத்து ஆள் கூலியைக் கொடுக்கும். விஷு அன்று கணியில் வைக்கிற கணி வெள்ளரியைப் போடுகிற துணிச்சல்காரர்கள் எங்கள் பக்கமும் உண்டு. விஷுவுக்கு முந்திய வாரம் மஞ்சளாகப் பழுத்து நின்றால் பணம், விஷு முடிந்த மறுநாள் விலை கேட்க ஆள் இருக்காது. எனக்கு அந்த நெஞ்சுத் துணிவு இல்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ கொட்டும். நட்ட ஒரு மாதத்தில் பூ வரும் என்பதால், மாசி பாதிக்கு மேல் யாராவது நாற்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த இடத்தில் வெண்டை போடுங்கள், வெயிலுக்கு அது அசராது.

எந்த இடத்தில் எது என்பதற்கு ஒரே விதிதான். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்று இருந்த இடத்தில் அடுத்த பட்டத்துக்கு மற்றொன்று கூடாது. வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணிலேயே காத்திருக்கும். ஆடிப்பட்டத்தில் மக்காச்சோளமோ வெங்காயமோ நின்ற இடத்தைத் தக்காளிக்கு ஒதுக்குங்கள்.

நடவு நாளைக் காலண்டரில் குறிக்கும்போது தைப்பூசம் எந்தத் தேதி என்று பாருங்கள். அந்த வாரம் திண்டுக்கல்–பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். ஆளும் கிடைக்காது, நாற்று ஏற்றிய வண்டியும் நகராது. ஒரு வாரம் முன்னோ பின்னோ வைத்துக்கொள்வது உத்தமம்.

விதையும் நாற்றும்

விதை வாங்குவதற்கு முன் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கத்தரியில் ஊருக்கு ஒரு நிறம், வரி, நீளம் பிடிக்கும். நீங்கள் கொண்டுபோகிற மண்டியில் எது போகிறது என்று கேட்டுவிட்டு விதைக் கடைக்குப் போங்கள். சொந்தமாக விதை எடுக்க நினைப்பவர்களுக்கு ரகங்கள்தான் சரி. தக்காளியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, வெண்டையில் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா மாதிரி. வீரிய ஒட்டு என்றால் ஒவ்வொரு முறையும் வாங்கியாக வேண்டும். பாக்கெட்டில் முளைப்புத்திறன் சதவீதம், பரிசோதித்த தேதி, லாட் எண் மூன்றையும் பாருங்கள். பில்லையும் காலிப் பாக்கெட்டையும் கடைசிப் பறிப்பு வரை பத்திரமாக வையுங்கள். விதை கோளாறு என்று முறையிட நேர்ந்தால் அவை இல்லாமல் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சொந்த விதையாக இருந்தால் ஈரத்துணியில் 50 விதையைச் சுருட்டி வைத்து முளை எண்ணிப் பாருங்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாப் பொடி), ஆறிய அரிசிக் கஞ்சி கொஞ்சம், கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். கம்பெனி விதை கலர் பூசி வந்திருந்தால் அதன்மேல் எதையும் போடாதீர்கள், கையையும் கழுவிவிடுங்கள்.

15 சென்ட் தக்காளிக்கு எத்தனை தட்டு? இரட்டை வரிசை நடவில் வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 60, நடைபாதை 90 விட்டால் 1,350 செடி பிடிக்கும். 98 குழித் தட்டில் 14 தட்டு. சாவுக்கும் போக்குக்கும் சேர்த்து 16 தட்டு போடுங்கள். தக்காளியில் கிராமுக்கு 300 விதை இருக்கும் என்பதால் 10 கிராம் பாக்கெட் தாராளம். மிஞ்சியதைப் பக்கத்துத் தோட்டத்தோடு பங்கிட்டுக்கொள்ளலாம்.

தென்னை நார்க்கழிவை வாங்கும்போது மட்கியதா என்று பாருங்கள், பச்சை நார் நாற்றைக் கருக்கும். 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 1 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. தட்டுக்கு 1.2 கிலோ பிடிக்கும், அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நாலைந்து சொட்டு நிற்க வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே மெல்லிய மூடாக்கு. பத்துத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலிதீன் தாளால் மூடிவிடுங்கள்.

இங்கேதான் கண் வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தாளைத் தூக்கி நடுத்தட்டை உருவிப் பாருங்கள். ஓரத்துத் தட்டு பொய் சொல்லும், நடுவில் சூடு அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் முளைக்கும். வெள்ளை முளை கொக்கி மாதிரி வளைந்து எட்டிப் பார்த்த அன்றே பிரித்து நிழல்வலைக்குக் கீழே பரப்ப வேண்டும். ஒரு இரவு தாமதித்தால் தண்டு நூலாக நீண்டுவிடும். அப்புறம் அதை நிமிர்த்த எந்த மருந்தும் கிடையாது. தக்காளி 4, 5 நாளில் வரும், கத்தரி ஒரு வாரம், மிளகாய் அதற்கும் மேல். மூன்றையும் ஒரே அடுக்கில் கலக்காதீர்கள்.

நிழல்வலைக்குப் பக்கவாட்டில் வெள்ளை ஈ நுழையாத பொடிக்கண் வலை கட்டுங்கள். இலைச் சுருள் வைரஸ் வயலில் பிடிப்பதாக நினைக்கிறோம். பாதிக்கு மேல் நாற்றங்காலிலேயே வாங்கிக்கொண்டுதான் செடி வயலுக்கு வருகிறது என்பது என் எண்ணம். பூவாளியால் காலையில் தண்ணீர். மாலையில் ஈரம் நின்றால் நாற்றழுகல் வரும். 18ஆம் நாள், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றலாம். கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெயிலுக்குப் பழக்குங்கள்.

தட்டெல்லாம் வேண்டாம், மேட்டுப்பாத்தியே போதும் என்றால் ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் கணக்கு. ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கிழித்துத் தூவி, வைக்கோல் மூடி, முளைத்ததும் எடுத்துவிடுங்கள்.

நாற்றை விலைக்கு வாங்குகிறவர்கள் பொங்கலுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது, தனியார் பண்ணைகளும் நிறைய. எங்கே வாங்கினாலும் நேரில் போய், விதை போட்ட தேதி கேட்டு, தட்டின் நடுவிலிருந்து ஒரு நாற்றை உருவுங்கள். வேர் வெள்ளையாக மண்ணைக் கவ்விக்கொண்டு கட்டியாக வர வேண்டும். பழுப்பு வேர் என்றால் வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள், தட்டினால் வெள்ளைப் பொடி மாதிரி எதுவும் பறக்கக் கூடாது. தட்டிலேயே மொட்டு வைத்த நாற்றைக் காட்டி “பாருங்கக்கா, இப்பவே பூக்குது” என்று சொல்வார்கள். வயசான நாற்று அப்படித்தான் பூக்கும். வயலில் போய் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும்.

வயல்

தட்டில் விதை விழுந்த அன்றே வயல் ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம் ஊன்றுங்கள். நாற்று வரும்போது அது முழங்காலுக்காவது வளர்ந்து, வெள்ளை ஈக்கும் காற்றுக்கும் தட்டியாக நிற்கும். தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைப்பதானால் அதன் விதை இன்னும் முந்த வேண்டும். 45 நாள் செண்டுமல்லி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும் ஒரே நாளில் நட்டால்தான் இரண்டும் ஒன்றாகப் பூத்து, காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மல்லிக்குப் போகும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை மல்லி. பூ விற்கிற காசு தனி.

உழவு மார்கழிக் கடைசியில் முடிந்துவிட வேண்டும். ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் என்பது புத்தகக் கணக்கு. அவ்வளவு எருவுக்கு இப்போது எங்கே போவது? எங்கள் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் வந்தால் இரண்டு, மூன்று இரவு அமர்த்திவிடுவேன். கூடவே ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. பச்சைச் சாணத்தை மட்டும் நேரே போடாதீர்கள், கரையான் கூப்பிட்ட மாதிரி வரும்.

மூடாக்குக்குக் கரும்புச் சோகையோ வைக்கோலோ கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. பிளாஸ்டிக் தாள் என்றால் வெள்ளி நிறம் மேலே இருக்கட்டும். துளையைக் கையகலம் வெட்டி, ஓரத்தில் ஒரு பிடி மண்ணைப் போட்டு அமுக்குங்கள். மத்தியான வெயிலில் சுட்ட தாளின் விளிம்பு பட்டால் இளந்தண்டு அந்த இடத்தில் வெந்து சாய்ந்துவிடும்.

நடவுக்கு முந்தின நாள் பாத்தியை நனைத்துவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சூடோமோனாஸ் கரைத்து, நாற்றின் வேர்ப்பகுதி அரை மணி நேரம் நனையட்டும். மாலை 4 மணிக்கு மேல்தான் நடவு. ஆட்கள் காலையில் வந்து மதியம் போகவே விரும்புவார்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அரை நாள் கூலியை மாலைக்கு மாற்றிப் பேசிக்கொள்ளுங்கள். தக்காளியை ஒரு கணு ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலேயே வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த மட்டத்துக்கே வையுங்கள். சுற்றி மண்ணை இரண்டு விரலால் அழுத்தி, நாற்றை மெல்ல இழுத்தால் வரக் கூடாது.

அப்புறம் என் மாமியார் வேலை. ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கமாக ஒரு வேப்பங்கொத்தோ தென்னோலைத் துண்டோ சாய்த்துக் குத்துவார். காலை வெயில் படும், பின்னேரத்து வெயில் மறையும். ஐந்தாம் நாள் பிடுங்கிவிடலாம். 1,350 செடிக்கு இதென்ன வேலை என்று தோன்றும். மாசியில் நடுகிறவர்கள் செய்துபார்த்தால் மறுநடவு எவ்வளவு குறைகிறது என்று தெரியும். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். ஏழாம் நாள் போக்குவிட்ட இடத்தில் மிச்சத் தட்டிலிருந்து நிரப்புங்கள், அதற்கு மேல் நட்டால் பின்தங்கிப் போகும்.

வெண்டைக்கு நாற்று வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்து, 45 சென்டிமீட்டர் பாரில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. 5 சென்டுக்கு ரகம் என்றால் 160 கிராம். பத்து சென்டையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். மாசி பாதியில் ஐந்து, பங்குனி பிறந்ததும் ஐந்து. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், ஒரு பறிப்பு தவறினால் முற்றிப்போய் மண்டியில் ஒதுக்கிவிடுவார்கள். வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை சென்ட்தான் வெண்டை. மஞ்சள் நரம்புத் தேமல் வந்த செடியைக் கண்டதும் வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். பாதி மஞ்சளாகக் காய்க்கிறதே என்று வைத்துப் பார்க்காதீர்கள்.

பந்தலுக்கு ஓரடிச் சதுரக் குழி, குழிக்கு 10 கிலோ மட்கிய எரு, ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாளில் நல்லதாக இரண்டு கொடி நிறுத்துங்கள். புடலைப் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் நேராக இறங்கும். வளைந்த புடலை பெட்டிக்குள் அடங்காது என்று மண்டியில் விலையைக் குறைப்பார்கள். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறியைப் பூ எடுக்கும்போதே தொங்கவிடுங்கள், காய் அழுகிய பிறகு தொங்கவிட்டுப் பயனில்லை. கத்தரியில் தண்டு துளைப்பானுக்கும் அதற்குரிய பொறி ஏக்கருக்கு 5. வாடித் தொங்குகிற குருத்தைக் கிள்ளிப் பையில் போட்டு எடுத்துவர ஒருவரை வாரம் இருமுறை அனுப்பினால், மருந்தடிப்பு பாதியாகக் குறையும்.

பறிப்பு நாட்களைக் கிழமை வாரியாக இப்போதே எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு, செவ்வாய், வியாழன் வெண்டை. தக்காளியும் கத்தரியும் அதற்கு இடையில். புடலை வாரம் ஒருமுறை. மார்க்கெட் விடுமுறைக்கு முந்தின நாள் வெண்டை பறிப்பு விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மண்டியில் இருக்கிற தம்பியின் நம்பர் கையில் இருந்தால் முதல் நாள் ராத்திரியே, “யக்கா, நாளைக்கு லோடு அதிகம், தக்காளிய ஒரு நாள் நிறுத்திக்கங்க” என்று சொல்லிவிடுவார். செங்காய்ப் பருவத்தில் இருந்தால் ஒரு நாள் நிறுத்தலாம், பழுத்துவிட்டால் முடியாது. அதனால் பங்குனி முதல் தக்காளியை முழுதும் சிவக்க விடாமல் பறிப்பதே வழக்கமாக இருக்கட்டும்.

வைகாசியில் தக்காளி ஓய்ந்ததும் பிடுங்கி, அந்த 15 சென்டில் கோடை மழை ஈரத்தோடு தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துவிடுங்கள். பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் ஆடிப்பட்டத்துச் சின்ன வெங்காயத்துக்கு நிலம் தயார். கத்தரியை மட்டும் பிடுங்க வேண்டாம். அரையடி விட்டு வெட்டி, ஒரு கூடை எரு வைத்துத் தண்ணீர் விட்டால் மறுபடி துளிர்த்து ஆடிக்குக் காய்க்கும், தண்டு துளைப்பான் அதிகம் இல்லாத செடியாக இருந்தால்.